இரண்டு கிலோபைட்

நான் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்வது பொய்.
டர்பனில், ஜேக்கப்ஸ் பக்கம் ஒரு உதிரிபாகக் கடையில்
இழுப்பறையைத் திறந்தார்கள். இருபத்தெட்டுக் கால் சில்லுகள்
பதினொன்று கிடந்தன.
பெரியது வேண்டுமென்றால் கப்பலில் வரணும்,
சுங்கத்தில் மூன்று வாரம் தூங்கும்.
மழைக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.
பதினொன்றையும் பொட்டலம் கட்டச் சொன்னேன்.

நினைவகம் இரண்டு கிலோபைட்.
இந்தக் கவிதையே அதில் கொள்ளாது.

நோக்வாண்டா பைத்தான் என்றாள்.
படிக்க எளிது, நாளைக்கு நீ வேலையை விட்டால்
வேறு எவளாவது திருத்துவாள்.
நியாயம்தான். ஆனால் அந்தப் பாம்பு
சுருண்டு படுக்கவே பெட்டி பத்தாது.
ரஸ்ட் எனக்கு ஆசை; தப்புச் செய்ய லேசில் விடாது.
அது கேட்டதோ ஒரு முழுக் குளிர்காலம்,
மின்வெட்டு இல்லாத குளிர்காலம்.
அசெம்பிளியில் எழுதலாம், அடி எண்ணி நடப்பதுபோல.
போய்ச் சேர்ந்துவிடுவேன்,
வந்த வழி எனக்கே மறந்திருக்கும்.

மிஞ்சியது சி.
பேருக்குக்கூட ஓர் எழுத்துக்கு மேல் இடம் கேட்காத மொழி.
நள்ளிரவுக்குப் பிறகு அதையே நீட்டிச் சொல்வேன்:
சீ.

கருவிகள் என்றால், கறுப்புத் திரை,
ஒரு மேக்ஃபைல், நாற்பது ராண்டு வயர்.
நோக்வாண்டாவின் வண்ண ஜன்னல் மென்பொருள்
திறந்து முடிப்பதற்குள் கரண்ட் போய்விடுகிறது.
பிழை பார்க்க ஒரு சிவப்பு எல்.இ.டி.
இரண்டு சிமிட்டு: உயிரோடிருக்கிறேன்.
மூன்று: எங்கோ தப்பு.
எங்கே என்று சொல்ல அதற்கு இடமில்லை.

சாட்ஸ்வொர்த் ஓரம், உம்லதுசானா பாலத்தின் அடியில்
கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு மாட்டினேன்.
கீழே முழங்கால் நனையாத ஆறு,
இரண்டு டயர், ஒரு நாற்காலி.
கேட்டது என்ன தெரியுமா,
வெள்ளம் பாலத்துக்கு மேல், மேகத்துக்குள்.
சைரன் அலறியது.
தனசீலன் கவுண்டர் காரேஜிலிருந்து ஸ்பேனரோடு ஓடிவந்தார்,
வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

எதிரொலி திரும்பும் நேரத்தை
ஒலியின் வேகத்தால் பெருக்கியிருந்தேன்,
பதினாறு பிட்டுக்குள்.
முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தேழு.
அதற்கு மேல் ஒன்று கூட்டினால்
பூஜ்யத்துக்குக் கீழே, வெகு கீழே விழும்.
சி தடுக்கவில்லை. முணுமுணுக்கக்கூட இல்லை.
உனக்குத் தெரியும் என்று நினைத்தேன் என்பதுபோல
பேசாமல் இருந்தது.

"எந்த மொழியோ, எனக்கென்ன," என்றார் தனசீலன்,
"நிஜமாத் தண்ணி வந்தா, ராத்திரி ரெண்டு மணிக்குக் கத்துமா?"

அப்புறம் குறுஞ்செய்தி. ஆங்கிலத்துக்கு நூற்று அறுபது எழுத்து.
சரிவில் தகரவீடுகளுக்கு ஜூலுவில்:
அமான்ஸி அயாகுபூகா. தண்ணீர் ஏறுகிறது.
தமிழிலும் ஒன்று எழுதிப் பார்த்தேன்.
எழுபதுதான் தருவார்கள், அதில்
புள்ளிக்கும் தனிக் காசு.
யார் படிப்பார்கள் இங்கே என்று கேட்டுக்கொண்டேன்.
தனசீலனுக்குப் பேரில்தான் தமிழ்.
அழித்தேன்.

ஆனால் நிரலின் ஓரத்தில், இரண்டு சாய்கோட்டுக்குப் பின்னால்,
எத்தனை எழுதினாலும் இடம் பிடிக்காது;
கம்பைலர் சில்லுக்குப் போகும்முன் உதறிவிடும்.
அங்கே எழுதிவைத்தேன்:
// லாங் போட மறந்தால் ஆறு மேகத்துக்குப் போகும்.

நோக்வாண்டா திரையில் விரல் வைத்து,
"இதை நான் எப்படித் திருத்துவேன்?" என்றாள்.
பதில் இல்லை என்னிடம்.
வாய்விட்டுப் படித்தேன், அர்த்தம் சொன்னேன்.
சிரிக்கவில்லை அவள். அதன் கீழே ஜூலுவில் ஒரு வரி அடித்தாள்.
அர்த்தம் நான் கேட்டேன். "பிறகு," என்றாள்.

மறுபடி ஏற்றினோம். முன்பு எத்தனை பைட்டோ
அத்தனையே.

மழை வடக்கே எங்கோ நிற்கிறது.
பாலத்தடியில் இருட்டு.
இரண்டு சிமிட்டு.
எண்ணிக்கொண்டு நிற்கிறோம், மூன்றாவது வராமல்.